திரும்பப் போகும் தெரு

கீரமங்கலம் பக்கம் வீடு வீடாக விற்கப் போகிறவள் காலை பத்து மணிக்கு முன்னால் எந்த வாசலிலும் போய் நிற்கக் கூடாது. நின்றாலும் ஆள் இருக்காது. விடியுமுன்பே நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு மல்லிகையும் முல்லையும் பறிக்கப் போயிருப்பார்கள். பறித்த பூ கமிஷன் கடைக்குப் போய், எடை போட்டு, ஆள் வீடு திரும்பி, கஞ்சி குடித்து, திண்ணையில் காலை நீட்டுகிற நேரம் ஒன்று உண்டு. பதினொன்றிலிருந்து ஒன்று வரை. அந்த இரண்டு மணி நேரம்தான் என் கடை திறந்திருக்கிற நேரம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

யாரும் சொல்லித்தரவில்லை. பத்து வருடம் கழித்துத் திருச்சியில் ஒரு ஏசி மண்டபத்தில், டை கட்டிய ஒருவர் விற்பனைக்கு வேண்டிய மனநிலை பற்றி மூன்று மணி நேரம் பேசினார். வாடிக்கையாளர் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்த மண்டபத்துக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

என் தொழிலுக்கு முதல் போட்டது சைக்கிள். அதுவும் என் சைக்கிள் இல்லை, கொழுந்தனாருடையது. அறிவொளி இயக்கம் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் உச்சத்தில் இருந்த காலம் அது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் கூடவே பொம்பளைகளுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊருக்கு ஊர் ஓடியது. 1992-இல் எனக்கு இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று நாள் விழுந்தேன், நான்காம் நாள் ஓட்டினேன். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அப்போது நேரில் வந்து பார்த்து எழுதியிருக்கிறார்: ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கற்றுக்கொண்டார்களாம். அந்த லட்சத்தில் நானும் ஒருத்தி. எங்களில் பலருக்குப் பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான் பிடித்தது. வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் மூட்டையைக் கட்டலாம்.

மூட்டையில் இருந்தது சோப்புத்தூள். ஆலங்குடியில் ஓர் அக்காவிடம் கற்றுக்கொண்டது. சலவைச் சோடாவும் ஆசிட் சிலரியும் கலந்து, உலர்த்தி, சலித்து, அரைக்கிலோ பாக்கெட் போட்டு ஆறு ரூபாய். முதல் நாள் பதினான்கு வீடு ஏறி இறங்கினேன். ஒன்றும் போகவில்லை. ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டாம் நாளும் அதே கதை, தண்ணீர் மட்டும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு அப்பத்தா பாக்கெட்டை மோந்து பார்த்தார்.

“ஏத்தா, கையில காசு இல்ல. வச்சுட்டுப் போ. செவ்வாக்கெழம வா.”

போணியே கடன். வீட்டில் சொன்னால் மாமியார் சிரிப்பார் என்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை போனேன், அப்பத்தா வயலுக்குப் போயிருந்தார். மறுநாள் போனேன், ஆலங்குடிக்குப் போயிருந்தார். மூன்றாவது தடவை போனபோது முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆறு ரூபாயை எண்ணிக் கொடுத்து, கூடவே பத்துப் பலாச்சுளையும் கொடுத்து, “ரெண்டு பாக்கெட்டு போடு, மருமகளுக்கும் வேணுமாம்” என்றார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவளும் வாங்கினாள். தூள் நல்லா இருந்ததால் வாங்கினார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், நான் மூன்று தடவை வந்ததைத் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிப்போகிற ஆள் இல்லை என்று அந்தத் தெருவுக்கு உறுதியான நாள் அது.

“வேணாம்” என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போக வேண்டும் என்று பிற்காலத்தில் பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். மரத்துப்போனால் தொழில் போச்சு. “வேணாம்” என்பதில் எத்தனையோ வகை உண்டு. முகத்தைத் திருப்பாமல் ஒரே சொல்லில் “வேணாம்” என்பவர்களுக்கு நிஜமாகவே வேண்டாம். அங்கே நின்று பேசுவது அவர்களுக்கும் தொந்தரவு, நமக்கும் நேர விரயம். “அவுக வரட்டும்” என்றால் விலை அதிகம் என்று அர்த்தம். வீட்டுக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. “அடுத்த வாரம் பாப்போம்” என்றால் கூலி வரவில்லை. “எங்கக்கா மகளும் இதத்தான் விக்கிறா” என்றால் அந்த வீட்டை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சொந்தத்துக்குள் சண்டை மூட்டிய பாவம் வரும். இவற்றில் மிக முக்கியமானது, “போன தடவ வாங்குனதே கெடக்கு.” அப்படிச் சொன்னால் போன தடவை கொடுத்த சரக்கில் ஏதோ குறை. அங்கேதான் உட்கார வேண்டும். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, “கை எரிஞ்சுச்சா அத்தாச்சி?” என்று கேட்க வேண்டும். எரிந்தது என்றாள் ஒருத்தி. கலவையில் சிலரி கூடிவிட்டது. அந்த வாரம் போட்ட நாற்பது பாக்கெட்டையும் திரும்ப வாங்கி வந்து வேறு போட்டுக் கொடுத்தேன்.

வெட்கம் போக ஒரு வருடம் ஆனது. சொந்தக்காரர் வீட்டுக்கு விற்கப் போவதைப் போலக் கஷ்டம் வேறு இல்லை. அவர்கள் வாங்கினால் பாவப்பட்டு வாங்கியதாக இருக்கும், வாங்காவிட்டால் கல்யாணத்தில் பார்க்கும்போது பேச்சு வராது. அதனால் சொந்தத்தைத் தவிர்த்தேன். இன்னொரு பஞ்சாயத்தும் நடந்தது. நான் எல்லாத் தெருவுக்கும் போனேன், காலனித் தெருவுக்கும். வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தத் தெரு நோட்டில்தான் பாக்கி குறைவு என்று கணக்கைக் காட்டினேன். சுளிப்பு நிற்கவில்லை, பேச்சு நின்றது.

2000 வாக்கில் நைட்டி வியாபாரத்துக்கு மாறினேன். கிராமத்துப் பெண்கள் வீட்டில் நைட்டி போட ஆரம்பித்த காலம். மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கடைக்கும் போனார்கள். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் இரவே கூடிவிடும். மதியம் பஸ் ஏறினால், இரவெல்லாம் சுற்றி எடுத்துக்கொண்டு செவ்வாய் மதியம் மூட்டையோடு வந்துவிடலாம். எழுபது ரூபாய்க்கு எடுத்தது நூற்றுப் பத்து. வாரம் பத்து ரூபாய், பதினொரு வாரத் தவணை. நாற்பது ரூபாய் லாபம் என்பது கணக்குத் தெரியாதவர்கள் போடுகிற கணக்கு. போக்குவரத்து நான்கு ரூபாய். பத்தில் ஒருத்தி கட்டமாட்டாள், அவளுடைய எழுபதை மற்றவர்கள் தலையில் பிரித்தால் ஏறக்குறைய எட்டு ரூபாய். பதினொரு வாரம் சைக்கிள் மிதித்த டியூப், டயர், டீ. முதலுக்கு வாங்கிய பணத்துக்கு வட்டி. கையில் இருபது நின்றால் அது நல்ல நைட்டி.

தவணை வியாபாரத்தில் சரக்கு பாதி, பஞ்சாங்கம் பாதி. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. பூ வரும்படி விழுந்துவிடும், அப்போது பத்து ரூபாய்க்குப் பதில் ஐந்து வாங்கிக்கொள்ள வேண்டும். தை பிறந்து முகூர்த்தம் தொடங்கியதும் அவர்களே இருபதாகத் தருவார்கள். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் மாசிமகத்துக்கு அந்தப் பெரிய குதிரைச் சிலைக்கு ஆயிரக்கணக்கில் காகித மாலை விழும். அதற்கு முந்திய இரண்டு வாரம் புதுத் துணி போகும், வசூல் போகாது. ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக் காலம் சித்திரையை ஒட்டி. ஜெகதாப்பட்டினத்தில் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. முன்பு நாற்பத்தைந்து நாள், இப்போது அறுபத்தொன்று. அந்த நாட்களில் அங்கே வசூலுக்குப் போகிறவளை என்னவென்று சொல்வது? நான் ஒரே ஒரு தடவை போனேன். ஒருத்தி மூக்குத்தியைக் கழற்றப் போனாள். அத்தோடு அந்தப் புத்தி போனது.

இனி மண்டபத்துக் கதை.

அது 2003. தூரத்துச் சொந்தத்தில் ஒரு தம்பி வந்தான். “அக்கா, நீங்க பத்து வருசமா மிதிக்கிறீங்க. இதுல ரெண்டு வருசம் உழைச்சா போதும்.” ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு பெட்டி. உள்ளே சத்துமாவு, எண்ணெய், பற்பசை, ஏதோ மாத்திரைகள். நாம் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும், இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர். இரண்டு பக்கமும் சமமாக வளர்ந்தால் செக் வரும். மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். வாங்கப் போகிற காரின் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். நான் எடுத்தது வெள்ளை அம்பாசிடர், பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

இப்போது எள்ளுவது சுலபம். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த மேடையில்தான் முதன்முதலாக ஒருவர் எனக்கு நாற்காலி போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, மேடம் என்று கூப்பிட்டார். பத்து வருடமாகத் திண்ணைக்குக் கீழே நின்றவளுக்கு அது சாதாரணமில்லை. இந்தக் கம்பெனிகள் பிழைப்பதே நம்முடைய அந்தப் பசியில்தான் என்று நினைக்கிறேன். பணத்தாசையை மட்டும் குறை சொல்கிறவர்களுக்கு இது தெரியாது.

பதினொரு பேரைச் சேர்த்தேன். எல்லோரும் என் நைட்டி நோட்டில் இருந்தவர்கள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று வந்தவர்கள், நான்கு பேர் என் சொந்தத் தெரு. ஏழு மாதத்தில் எனக்கு மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் செக் வந்தது. பிறகு வரவில்லை. அவர்களில் யாருக்கும் ஒரு ரூபாயும் வரவில்லை. “உங்க ஆளுங்க மனசு வைக்கல, நெகட்டிவா இருக்காங்க” என்றார் மேலே இருந்தவர்.

ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகன் ஒருநாள் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டான். ஒருவர் மாதத்தில் இருவரைச் சேர்க்கிறார், அந்த இருவர் அடுத்த மாதம் ஆளுக்கு இருவரை. பத்தாவது மாதம் மொத்தம் 2,047 பேர். அதுவரை நம்பலாம் போலத்தான் இருந்தது. இருபதாவது மாதம் 20,97,151 பேர். பிற்பாடு வந்த 2011 மக்கள்தொகைக் கணக்கில்கூட எங்கள் மாவட்டத்தில் பால்குடிப் பிள்ளையோடு சேர்த்து மொத்தம் 16,18,345 பேர்தான். “யம்மா, எல்லாரும் மனசு வச்சாலும் ஆளு பத்தாதும்மா” என்றான். பாரில் உட்கார்ந்து வந்த பயல்.

பணம் போனதைவிட வேறொன்று நடந்தது. ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பியவள், பள்ளிவாசல் முக்கில் நேராகப் போகாமல் இடதுபக்கம் திரும்பிச் சுற்றிப் போனேன். அந்த நான்கு வீடும் இருந்த தெருவைத் தவிர்க்கத்தான். பத்து வருடத்தில் நான் போகப் பயந்த முதல் தெரு அது, அதுவும் என் தெரு. மறுநாளும் சுற்றிப் போனேன். ஒரு மாதத்தில் சுற்றிப் போகிற தெருக்கள் மூன்றாகிவிட்டன. மிச்சமிருக்கிற தெருவில் எத்தனை நாள் பிழைப்பது?

மாத்திரை, மாவு எல்லாம் அவர்கள் தின்று தீர்த்திருந்தார்கள், அது வேறு விஷயம். ஏழு பேர் பணத்தை வாய்விட்டுத் திருப்பிக் கேட்டார்கள். ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். மொத்தமாகத் தர வழியில்லை. வாரம் இருபத்தைந்து ரூபாய். அவர்கள் ஆளுக்கொரு நோட்டுப் போட்டு என் பெயரை எழுதிக்கொண்டார்கள். வரவு எழுதியவள் பற்றுக் கணக்கில் ஏறினேன். இரண்டு வருடத்துக்குள் முடித்தேன். அந்த இரண்டு வருடமும் அவர்கள் என்னிடம் நைட்டி வாங்குவதை நிறுத்தவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சிலர் என் இருபத்தைந்தை வாங்கி, அதிலேயே பத்தை எனக்குத் தவணையாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆள் சேர்த்துப் பணம் சுழற்றுவதைத் தடுக்க 1978-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 2021 டிசம்பரில் நேரடி விற்பனைக்கென்றே தனி விதிகள் வந்தன. சேருவதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது, பிரமிடு திட்டம் நடத்தக் கூடாது, விற்கப் போகிறவர் அடையாள அட்டையோடு, முன்கூட்டிக் கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். கடைசி விதியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பதினொரு மணிக்கு வரவா என்று அந்த அப்பத்தாவிடம் எப்படிக் கேட்டிருப்பேன்? ஆனாலும் நல்ல விதி.

வீட்டுவாசல் விற்பனை எல்லாமே ஏமாற்று என்று சொல்லமாட்டேன். 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் ஆட்கள் டை கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறித்தான் தூசி உறிஞ்சும் மெஷினை இந்தியாவுக்குப் பழக்கினார்கள். டப்பர்வேர் டப்பாவை அமெரிக்காவில் கடையில் வைத்துப் பார்த்தார்கள், சரியாக ஓடவில்லை. பிரௌனி வைஸ் என்ற பெண்தான் வீட்டுக்குள் நாலு பேரைக் கூட்டி மூடியை அழுத்திக் காட்டி விற்கிற முறையைப் பெரிதாக வளர்த்தவர். 1958-இல் கம்பெனி அவரை வெளியே அனுப்பிவிட்டது, பங்கும் கொடுக்கவில்லை. என் மகள் இதைப் படித்துச் சொன்னபோது, அந்த அம்மாவிடம் ஒரு நோட்டு இருந்திருக்குமே, அது யாரிடம் போனது என்றுதான் முதலில் கேட்டேன். இன்று யாராவது கம்பெனி பிளானோடு என்னிடம் வந்தால் ஒன்றுதான் கேட்கிறேன்: ஒரு ஆளையும் சேர்க்காமல் இந்தச் சரக்கை மட்டும் விற்றால் எனக்குச் சோறு கிடைக்குமா? பதில் சுற்றி வளைத்து வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

பிறகு டிவிஎஸ் எக்ஸெல் வந்தது, தெருக்கள் கூடின. 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் செல்லாது என்று அறிவித்த மறுவாரம், வராக்கடன் என்று நான் கோடு போட்டுவிட்ட மூன்று பேர் வீடு தேடி வந்து கடனை அடைத்தார்கள். மூவர் கையிலும் பழைய ஐந்நூறு. வாங்கிக்கொண்டேன். பேங்க் வரிசையில் ஒரு பகல் போனது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது என் நோட்டில் வெளியே நின்ற பாக்கி ஒரு லட்சத்துச் சொச்சம். விடிந்து பார்த்தால் பலா, தென்னை, தேக்கு எல்லாம் படுத்துக் கிடந்தன. முப்பது வருடப் பலாமரம் வேரோடு பெயர்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல வாரம் கரண்ட் இல்லை. பொங்கல் வரை வசூல் இல்லை என்று முடிவு செய்தேன். தியாகம் ஒன்றுமில்லை, போயிருந்தாலும் வராது. ஆனால் தெருவுக்குப் போகாமல் இருக்கவில்லை. புதுக்கோட்டைக் கடைவீதியில் மெழுகுவத்தியும் கொசுவத்தியும் எடுத்து, வாங்கிய விலைக்கே வாரம் இரண்டு நாள் கொண்டுபோனேன். நைட்டிப் பாக்கியைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களில் பாதிப் பேர் பேசினார்கள். “மரம் போச்சுத்தா, ஓங்காசு போகாது” என்றார் ஒரு பெரியம்மா. அவர் காசு முழுதும் வந்தது. இருபத்து மூவாயிரம் வரவே இல்லை. சிலர் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார்கள். அந்தப் பக்கங்களைக் கிழிக்கவில்லை, அடுத்த நோட்டுக்குக் கொண்டுபோகவும் இல்லை.

இப்போது என்னோடு ஒரு பெண் வருகிறாள், மருமகள் முறை. போனில் குரூப் வைத்து நைட்டிப் படம் போடுகிறாள். நான் ஒரு வாரத்தில் விற்பதை இரண்டு நாளில் ஆர்டர் எடுத்துவிடுகிறாள். திரும்பி வருகிற சரக்கும் என்னைவிட அவளுக்கு அதிகம். “ஒங்களுக்கு எப்புடி அயித்த அலுக்கல?” என்று கேட்டாள். அலுப்பு இருக்கிறது. முழங்கால் வலிக்கிறது. காலையில் மூட்டை கட்டும்போது இன்றைக்கு வேண்டாம் என்றுதான் தோன்றும். ஆனால் எட்டாம் வாரத் தவணைக்காரி காசை எடுத்து அரிசிப் பானையில் வைத்திருப்பாள், நான் போகாவிட்டால் அது செலவாகிவிடும், அடுத்த வாரம் அவளுக்கு என்னைப் பார்க்க முகம் இருக்காது. இதை நினைத்தால் கால் தானாக வண்டியை உதைக்கும். இதற்கு அவர்கள் மண்டபத்தில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அந்தப் பதினொரு பேரில் பணம் கேட்டவர்கள் ஏழு பேர் என்றேனல்லவா. கேட்காத நான்கு பேரில் மூவர் மன்னித்துவிட்டார்கள். நான்காமவள் என் தெருவின் கடைசி வீடு. நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் பணத்தை வாங்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் எதுவும் வாங்கியதும் இல்லை, பேசியதும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு செவ்வாயும் அந்த வாசல் வழியாகப் போய், ஒரு நிமிடம் நின்று, மூட்டையை இறக்காமல் திரும்புவேன். போன தை மாதம் வெளியே வந்தாள்.

“பெரிய சைஸு இருக்கா?”

எடுத்துக் கொடுத்தேன். விரித்தாள். தையலை இழுத்துப் பார்த்தாள். துணியை நகத்தால் சுரண்டினாள். விலை கேட்டாள், சொன்னேன். மடிக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

“அவுக வரட்டும்” என்றாள்.

விலையைக் குறைக்கவில்லை. நைட்டியை மடித்து மூட்டைக்குள் வைத்து, நோட்டை எடுத்து, கடைசி வீடு, பெரிய சைஸ், செவ்வாய் என்று எழுதிக்கொண்டேன்.